காவல் கூலி யார் கணக்கில்?

தறிக்கொட்டகை
28 ஜூன் 2025

ஹேக் மாநாட்டில் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் தங்கள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவழிக்கத் தலையாட்டிவிட்டன. ஸ்பெயின் மட்டும் 2.1க்கு மேல் வராது என்று நின்றுகொண்டது. என் கேள்வி இது: ஒரு பெரிய நாடு ஏன் இன்னொருவன் வீட்டுக்குக் காவல் காக்க வேண்டும்? ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா எல்லாம் பணக்கார நாடுகள். அவனவன் வாசலுக்கு அவனவன் பூட்டு வாங்கிக்கொள்ளட்டும். இத்தனை வருஷ பாக்கியை அமெரிக்கா கேட்பதில் என்ன தப்பு?

கணக்குப்பிள்ளை
28 ஜூன் 2025

"பாக்கி" என்ற சொல்லை முதலில் தூக்கிப் போடுங்கள். நேட்டோவுக்கு யாரும் 2 சதவீதம் கட்டியதும் இல்லை, இனி 5 சதவீதம் கட்டப்போவதும் இல்லை. 2014 செப்டம்பரில் வேல்ஸில் ஒப்புக்கொண்டது என்னவென்றால், ஒவ்வொரு நாடும் தன் மொத்த உற்பத்தியில் 2 சதவீதத்தைத் தன் சொந்தப் படைக்குச் செலவழிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்காவது பெரிய தளவாடங்களுக்குப் போகும். அந்த வருஷம் அந்தக் கோட்டைத் தாண்டியவை மூன்றே நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். கிரீஸ் தாண்டியது ரஷ்யாவுக்குப் பயந்து இல்லை. பக்கத்து வீட்டு துருக்கிக்காக. அதுவும் நேட்டோதான்.

பொது உண்டியல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. 2025க்கு சுமார் 460 கோடி யூரோ. தலைமையகம், அவாக்ஸ் என்ற வான்வழிக் கண்காணிப்பு விமானங்கள், கூட்டுக் கட்டளை மையங்கள் எல்லாம் அதிலிருந்து நடக்கின்றன. உறுப்பு நாடுகளின் மொத்த ராணுவச் செலவோடு ஒப்பிட்டால் 0.3 சதவீதம். அமெரிக்காவின் பங்கு ஒரு காலத்தில் 22 சதவீதத்துக்கு மேல். 2019ல் பேசிக் குறைத்த பிறகு 16 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, ஜெர்மனிக்கும் அதே அளவு. பாக்கி என்று ஒன்று இருக்க முடியுமென்றால் இந்த உண்டியலில்தான், ஆனால் இங்கே யாரும் பாக்கி வைப்பதில்லை.

இப்போதைய 5 சதவீதம் இரண்டு துண்டு. 3.5 நேரடி ராணுவச் செலவு. மீதி 1.5 சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு போன்றவை. கெடு 2035, நடுவில் 2029ல் ஒரு பரிசீலனை. உக்ரைனுக்குக் கொடுப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை
28 ஜூன் 2025, பின்குறிப்பு

சதவீதக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. ஓய்வுபெற்ற சிப்பாய்களின் பென்ஷனும் நேட்டோ கணக்குப்படி ராணுவச் செலவுதான். 2015ல் பிரிட்டன் சில பென்ஷன்களைப் புதிதாக உள்ளே சேர்த்துத்தான் 2 சதவீதத்தில் நின்றது. எத்தனை மூட்டை அரிசி வாங்கினாய் என்று கேட்கிறார்கள், சோறு வெந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதத்துக்கு வெகு கீழே கிடந்த நாடு. ஆப்கானிஸ்தானில் 43 பேரைப் பறிகொடுத்தது. ஜனத்தொகைக்கு அந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மிக அதிகமாக இழந்த நாடுகளில் ஒன்று. அந்தப் போருக்கு டென்மார்க்கை இழுத்தது 2001 செப்டம்பர் 12ல் முதலும் கடைசியுமாக எடுத்த நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி, ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்பது. அதை எடுத்தது அமெரிக்காவுக்காக. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க வானத்தையே நேட்டோவின் அவாக்ஸ் விமானங்கள்தான் சுற்றிக் காவல் காத்தன. 13 நாட்டு விமானிகள், 360க்கு மேல் பறப்புகள், 2002 மே வரை. சதவீதப் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.

பழையபேப்பர்
29 ஜூன் 2025

ஐந்தாம் விதியை எல்லோரும் மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். வாசகத்தைப் படியுங்கள். ஓர் உறுப்பைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொண்டு, ஒவ்வொரு நாடும் "தனக்குத் தேவையென்று படும் நடவடிக்கையை" எடுக்கும், ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும் என்றுதான் இருக்கிறது. போர்வை அனுப்பினாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. ஆறாம் விதி எல்லையைப் போடுகிறது: ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் தீவுகள். அதனால்தான் 1982ல் அர்ஜென்டினா தாக்கிய பிரிட்டனின் ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு அது பொருந்தவில்லை. ஹவாய்க்கும் பொருந்தாது, பேர்ல் துறைமுகத்தை மறுபடி தாக்கினாலும். கேட்டால் சிரிப்புதான் வரும்.

கணக்குப்பிள்ளை
29 ஜூன் 2025

சரியாகச் சொன்னீர்கள். அமெரிக்கா கொரியாவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின் மூன்றாம் விதியும் (1953), ஜப்பானோடு போட்ட ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதியும் (1960) இன்னும் நழுவல். "தத்தம் அரசியல் சட்ட நடைமுறைப்படி" பொது ஆபத்தை எதிர்கொள்வோம் என்று முடிகிறது. படை வரும் என்று எந்த இடத்திலும் இல்லை.

அதனால்தான் அமெரிக்க ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. காகிதத்தில் இல்லாத வாக்குறுதியை உடம்பை வைத்துக் காட்டுகிறார்கள். முதல் நாளே அமெரிக்கச் சிப்பாய் செத்தால் வாஷிங்டன் சும்மா இருக்க முடியாது. இடறுகம்பி என்பார்களே, அதுதான்.

தறிக்கொட்டகை
30 ஜூன் 2025

இடறுகம்பிக்கு வாடகை எவ்வளவு? அதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
1 ஜூலை 2025

கொரியக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் வரிவரியாகப் பேரம் பேசி எழுதிவைத்த கணக்கு அதுதான்.

அமெரிக்கப் படை அங்கே தங்குவதற்காக 1966ல் கையெழுத்தான படைநிலை ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதிப்படி கொரியா நிலமும் வளாகமும் இலவசமாகக் கொடுக்கும், மற்ற செலவெல்லாம் அமெரிக்காவுடையது. 1991ல் "சிறப்பு நடவடிக்கை ஒப்பந்தம்" என்ற பெயரில் அந்த விதிக்கு ஒரு விலக்கு போட்டார்கள். முதல் வருஷத் தொகை 10,730 கோடி வொன் (கொரிய நாணயம்). அதன் பிறகு சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பேரம். 2019ல் 1,03,890 கோடி, 2021ல் 1,18,330 கோடி. கடைசியாக 2024 அக்டோபரில் முடித்த பன்னிரண்டாவது ஒப்பந்தத்தில் 2026க்கு 1,51,920 கோடி வொன்.

பணம் மூன்று தலைப்பில் போகிறது.

ஒன்று, சம்பளம். அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் இதில் ஒரு காசுகூட கிடையாது. தளத்தில் வேலை பார்க்கும் கொரியர்கள் சம்பளம்: மின்பணியாளர், தீயணைப்பு, கிடங்கு, சமையல், அலுவலகம். இவர்கள் சுமார் 9,000 பேர். 2021ல் போட்ட பதினொன்றாவது ஒப்பந்தத்தில் கொரியாவின் பங்குக்குக் கீழ்வரம்பு 75லிருந்து 87 சதவீதமாக ஏறியது.

இரண்டு, கட்டுமானம். முன்பெல்லாம் பெரும்பகுதி ரொக்கமாகக் கொடுத்தார்கள். செலவாகாத பணம் அமெரிக்கத் தரப்பில் தேங்கிக் கிடந்து வட்டி சேர, தலைநகர் சோலில் பாராளுமன்றத்தில் ரகளை. 2009 ஒப்பந்தம் அதை மாற்றியது. 88 சதவீதத்தைக் கொரிய அரசே ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிக் கொடுக்கும், வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் 12 சதவீதம் மட்டும் ரொக்கம்.

மூன்று, தளவாட உதவி: பராமரிப்பு, வெடிமருந்து சேமிப்பு, போக்குவரத்து. இதுவும் பெரும்பாலும் கொரியக் கம்பெனிகள் செய்யும் வேலை.

ஆக, "அமெரிக்காவுக்குக் கொடுக்கும் பணத்தில்" 90 சதவீதத்துக்கு மேல் கொரியாவுக்குள்ளேயே செலவாகிறது. 2021ல் இதைச் சொன்னது அமெரிக்க வெளியுறவுத் துறையேதான்.

அடுத்தது உயர்வுச் சூத்திரம். உண்மையான சண்டை இங்கேதான். 2021ல் 13.9 சதவீத உயர்வு எப்படி வந்தது தெரியுமா? கொரிய ராணுவ பட்ஜெட்டின் 2020 உயர்வு 7.4, சம்பளக் கீழ்வரம்பை ஏற்றியதற்கு 6.5, கூட்டினால் 13.9. அதற்குப் பிந்தைய வருஷங்களுக்கும் ராணுவ பட்ஜெட் உயர்வையே அளவுகோலாக வைத்தார்கள். அது பெரிய தப்பு. கொரியா தன் படையைப் பலப்படுத்தப் பட்ஜெட்டை ஏற்ற ஏற்ற, வாடகையும் தானாக ஏறியது. சொந்தமாகப் பூட்டு வாங்கினால் வாட்ச்மேன் சம்பளத்தைக் கூட்டுவோம் என்ற கதை. பன்னிரண்டாவது ஒப்பந்தத்தில்தான் திருத்தினார்கள். இப்போது விலைவாசிக் குறியீட்டோடு ஏறும், எந்த வருஷமும் 5 சதவீதத்தைத் தாண்டாது, 2030 வரை.

பேரம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019ல் டிரம்ப் கேட்டது வருஷத்துக்கு 500 கோடி டாலர், அப்போதிருந்த தொகையைப் போல ஐந்து மடங்கு. ஒப்பந்தம் காலாவதியானது. 2020 ஏப்ரல் 1 அன்று கொரியப் பணியாளர்களில் சுமார் 4,000 பேரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். வடகொரியாவுக்கு எதிரான தயார்நிலையில் முதல் வெட்டு விழுந்தது தளத்தின் கிடங்கு, பட்டறை ஆட்கள்மேல். ஜூன் நடுவில், அந்த வருஷச் சம்பளத்தை மட்டும் கொரியா தனியாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் திரும்பினார்கள்.

இந்தத் தொகைக்கு வெளியே ஒன்று நிற்கிறது: பியோங்டேக்கில் ஹம்ஃப்ரீஸ் தளம். ஏறத்தாழ 1,080 கோடி டாலரில் கட்டியது. 90 சதவீதத்துக்கு மேல் கொரியப் பணம். வருஷாந்திரக் கணக்கில் இது வராது.

தறிக்கொட்டகை
2 ஜூலை 2025

இவ்வளவு சொல்லிவிட்டு மொத்தத்தில் கொரியா எத்தனை சதவீதம் சுமக்கிறது என்று மட்டும் சொல்லவில்லையே. பாதியாவது வருமா?

கணக்குப்பிள்ளை
2 ஜூலை 2025

30 சதவீதம். அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021 மார்ச்சில் போட்ட கணக்கு: 2016 முதல் 2019 வரை அமெரிக்கா கொரியாவில் 1,340 கோடி டாலர், கொரியா 580 கோடி. ஜப்பானில் அமெரிக்கா 2,090 கோடி, ஜப்பான் 1,260 கோடி. அதாவது ஜப்பான் 38 சதவீதம்.

பழையபேப்பர்
2 ஜூலை 2025

கணக்குப்பிள்ளை, 2004ல் பென்டகனே பாராளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஜப்பான் 74.5, கொரியா 40, ஜெர்மனி 32.6 என்று இருந்தது. ஜப்பான் என்ன, பாதியாகக் குறைத்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை
3 ஜூலை 2025

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு எண்களும் சரி. பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் வேறு.

2004 அறிக்கை அமெரிக்கச் சிப்பாய்களின் சம்பளத்தை வெளியே வைத்துவிட்டு, தளத்தை நடத்தும் செலவை மட்டும் கீழே போட்டது. மேலே கூட்டாளி விட்டுக்கொடுத்த நிலவாடகை, வரி, சுங்கம் எல்லாம் சேர்த்தது. அதனால் 74. 2021 கணக்கில் சிப்பாய் சம்பளம் கீழே வந்தது, விட்டுக்கொடுத்த வாடகையும் வரியும் மேலே இல்லை. அதனால் 38. ஜப்பான் மாறவில்லை, பேனா மாறியது.

எது நியாயம்? சிப்பாய் சம்பளத்தைச் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் படைப்பிரிவு கொரியாவில் இல்லாவிட்டால் டெக்சஸில் இருக்கும். சம்பளம் அதேதான். பிரிவையே கலைத்தால்தான் அது மிச்சம். டெக்சஸில் இருந்தால் மின்கட்டணமும் பட்டறை ஆள் கூலியும் அமெரிக்காவே கொடுக்க வேண்டும். "படையைத் திருப்பி அழைத்தால் இத்தனை கோடி மிச்சம்" என்று யாராவது சொன்னால், எத்தனை பிரிகேடைக் கலைக்கப் போகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

தறிக்கொட்டகை
3 ஜூலை 2025

அப்படியானால் சுமையே இல்லை என்கிறீர்களா? நம்பமுடியவில்லை.

கணக்குப்பிள்ளை
4 ஜூலை 2025

சுமை உண்டு. பணத்தில் தேடினால் கிடைக்காது. சோலைக் காக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைப் பணயம் வைப்பதுதான் சுமை. வடகொரியாவிடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்த 2017லிருந்து அது நிஜமான சுமை. அதற்கு வொன்னில் விலை போட முடியாது. அளக்க முடியாததைப் பேச முடியாததால் அளக்க முடிந்த மின்கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் மல்லுக்கட்டுகிறார்கள்.

செம்பவாங்
6 ஜூலை 2025

காவல்காரன் நிஜமாகவே கிளம்பிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் சிங்கப்பூர்தான் பாடம்.

1967 நவம்பர் 18ல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. இரண்டு மாசத்தில், 1968 ஜனவரி 16ல், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள படைகளை 1971 முடிவுக்குள் திரும்ப அழைப்பதாகப் பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் அறிவித்தார். 1971 மார்ச் என்றுதான் முதலில் முடிவு. எங்கள் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்குப் பறந்து போய் மன்றாடியதில் ஒன்பது மாசம் கூடுதலாகக் கிடைத்தது. அப்போது சிங்கப்பூர் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளச் செலவை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழருமாக ஏராளமான இந்தியத் தொழிலாளர்கள்.

நடந்தது மூன்று வேலை. 1967லேயே கட்டாய ராணுவச் சேவைச் சட்டம். இஸ்ரேலியப் பயிற்றுநர்கள் ரகசியமாக வந்தார்கள், வெளியே அவர்களுக்கு "மெக்சிகோக்காரர்கள்" என்று பெயர். கப்பல்துறையை அடையாள விலையாக ஒரு டாலருக்கு வாங்கி வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றினார்கள்.

பாதுகாப்புக்கு மிஞ்சியது 1971 நவம்பர் 1ல் அமலுக்கு வந்த ஐந்து நாட்டு ஏற்பாடு (சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து). தாக்குதல் வந்தால் உடனே கலந்து பேசுவோம், அவ்வளவுதான் வாக்குறுதி. ஆனால் அரை நூற்றாண்டு தாண்டியும் இருக்கிறது.

ஆகவே "அவனவன் பூட்டு" நடக்காத காரியமில்லை. நான்கு வருஷம் முன்னறிவிப்பும், பட்ஜெட்டில் பெரும்பங்கும், 18 வயது பையன்களும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை
6 ஜூலை 2025

இதில் இலங்கையையும் சேர்க்கலாம், எதிர்த்திசையில். 1947 நவம்பர் ஒப்பந்தப்படி திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரிட்டன் கையில் இருந்தன. 1956ல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்து கிளம்பச் சொன்னார், 1957ல் இரண்டும் கைமாறின. அங்கே காவல்காரனுக்குப் போக மனசில்லை. தளம் யாருக்கு வேண்டியிருந்தது என்பது கிளம்பும்போதுதான் தெரிகிறது.

பழையபேப்பர்
9 ஜூலை 2025

1991ல் ஜப்பான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. வளைகுடாப் போருக்கு 1,300 கோடி டாலர் கொடுத்தது, வரியைக் கூட்டி. போர் முடிந்ததும் மார்ச்சில் குவைத் அமெரிக்கப் பத்திரிகைகளில் நன்றி விளம்பரம் போட்டது. 30 நாடுகளின் பெயர் இருந்தது, ஜப்பான் இல்லை. பெரிய மொய் வைத்தவன் பெயரை நோட்டில் எழுத மறந்த கதை.

அடுத்த மாசமே, கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்களை வளைகுடாவுக்கு அனுப்பி 34 கண்ணிகளை எடுத்தார்கள். 1992 ஜூனில் வெளிநாட்டுக்கு அமைதிப்படை அனுப்ப வழிசெய்யும் சட்டம் வந்தது. ஜப்பானிய வெளியுறவு அதிகாரிகள் அந்த விளம்பரத்தை இன்னும் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை
10 ஜூலை 2025

இதற்கு நேர் எதிர் கொரியா. பணம் கொடுக்காமல் ஆள் கொடுத்தது. 1964 முதல் 1973 வரை வியட்நாமுக்கு சுமார் 3,20,000 பேர் போய் வந்தார்கள், ஏறத்தாழ 5,000 பேர் திரும்பவில்லை. 1966 மார்ச்சில் அமெரிக்கத் தூதர் பிரவுன் எழுதிக் கொடுத்த குறிப்பில் சிப்பாய்களுக்குப் படித்தொகை, தளவாடம், கொரியக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எல்லாம் உறுதி செய்திருந்தார்.

பலன்? கொரியச் சிப்பாய்கள் இன்னும் வியட்நாமில் இருக்கும்போதே, 1971ல், அமெரிக்க அதிபர் நிக்சன் கொரியாவிலிருந்து ஏழாவது காலாட்படை டிவிஷனை, சுமார் 20,000 பேரை, எடுத்துக்கொண்டு போனார். கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ எடுத்த முடிவு இரண்டு: கனரகத் தொழிற்சாலைகள், ரகசிய அணுகுண்டுத் திட்டம். பிரான்சிடமிருந்து, அணு உலை எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் மறுசுத்திகரிப்பு ஆலை வாங்க ஒப்பந்தம்வரை போய்விட்டார். அமெரிக்கா கழுத்தைப் பிடித்து 1976 ஜனவரியில் ரத்து செய்யவைத்தது.

தறிக்கொட்டகைக்கு என் நேரடிப் பதில் இதில்தான் இருக்கிறது. அமெரிக்கா காவலை இலவசமாகக் கொடுத்ததில்லை. பதிலுக்கு வாங்கியது கூட்டாளியின் கை. குண்டு செய்யாதே, தனியாகப் போர் தொடங்காதே, போர் வந்தால் என் ஜெனரலின் கீழே நில். 1978லிருந்து கூட்டுப்படைக் கட்டளையின் தலைவர் ஓர் அமெரிக்க நான்கு நட்சத்திர ஜெனரல். சமாதானகாலக் கட்டளை 1994 டிசம்பர் 1ல் கொரியாவுக்குத் திரும்பியது. போர்க்காலக் கட்டளையை 2012 ஏப்ரல் 17ல் ஒப்படைப்பதாகத் தேதி குறித்தார்கள், பிறகு 2015 டிசம்பர் என்றார்கள், 2014ல் தேதியே வேண்டாம், நிபந்தனைகள் நிறைவேறட்டும் என்றார்கள். அப்படியே நிற்கிறது. சுமையை இறக்க வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்து இறக்கத் தயாரா என்று பாருங்கள்.

செம்பவாங்
10 ஜூலை 2025

தேதியைத் தள்ளிப்போடச் சொன்னது பெரும்பாலும் சோல் அல்லவா?

கணக்குப்பிள்ளை
11 ஜூலை 2025

ஆமாம், 2010லும் 2014லும் பழமைவாத அரசுகள் கேட்டுத்தான் தள்ளினார்கள். ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன். கட்டளையைக் கொடுக்கத் தயங்கும் வாஷிங்டன் அளவுக்கே வாங்கத் தயங்கும் சோலும் உண்டு. வாங்கினால் உளவு விமானம், செயற்கைக்கோள், ஏவுகணைத் தடுப்பு எல்லாம் சொந்தமாக வேண்டும்.

பழையபேப்பர்
14 ஜூலை 2025

ஜெர்மனியையும் பார்த்துவிடுவோம், வாடகைக்குப் பதில் "வாங்கிக்கொள்" முறை அங்கேதான் பிறந்தது. 1961 முதல் அமெரிக்கப் படைக்காக வெளியேறும் டாலருக்கு ஈடாக மேற்கு ஜெர்மனி அமெரிக்க ஆயுதம் வாங்க வேண்டும். தேவை இருக்கிறதோ இல்லையோ, தொகைக்கு வாங்க வேண்டும். 1966 செப்டம்பரில் மேற்கு ஜெர்மன் சான்ஸ்லர் எர்ஹார்ட் வாஷிங்டனுக்குப் போய் அவகாசம் கேட்டார், அமெரிக்க அதிபர் ஜான்சன் இறங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியவருக்கு பட்ஜெட்டில் துண்டு விழ, அக்டோபரில் கூட்டணிக் கட்சி விலக, டிசம்பரில் பதவியே போனது.

அடுத்த ஏற்பாடு இன்னும் விசித்திரம். 1967 மார்ச்சில் ஜெர்மன் மத்திய வங்கித் தலைவர் பிளெஸ்ஸிங் ஒரு கடிதம் கொடுத்தார்: எங்களிடம் உள்ள டாலரை அமெரிக்கத் தங்கமாக மாற்றிக் கேட்க மாட்டோம். சிப்பாய்க்கு ஈடாகத் தங்கத்தைக் கேட்காமல் இருப்பது!

கணக்குப்பிள்ளை
20 ஜூலை 2025

அதே பேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து 35,000 அமெரிக்கச் சிப்பாய்களைத் திருப்பி அழைக்க ஒப்பந்தம் ஆனது. ஆளை எடுத்துவிட்டுத் தளவாடத்தை விட்டுவைப்பது, அவசரமானால் ஆள் மட்டும் விமானத்தில் வருவது. 1969லிருந்து அதற்கு வருஷாந்திரப் பயிற்சி நடந்தது. "பாதிச் சுமை" யோசனை சொல்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

இது வேலை செய்யும். 2022 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து ஒரு கவசப் பிரிகேட் கிளம்பி, ஜெர்மனியில் கிடங்கில் இருந்த டாங்கிகளை எடுத்துக்கொண்டு சில நாளில் சுடும் பயிற்சியில் இறங்கியது. கப்பலில் ஏற்றியிருந்தால் வாரக்கணக்கு.

வேலை செய்யாமலும் போகும். குவைத் கிடங்கிலிருந்து உக்ரைனுக்கு எடுத்த தளவாடத்தைப் பற்றிப் பென்டகன் தணிக்கையாளர் 2023 மேயில் அறிக்கை கொடுத்தார். 29 ஹம்வீ வாகனங்களில் 25 ஓடும் நிலையில் இல்லை. ஆறு பீரங்கிகளில் ஒன்றுகூடத் தயாராக இல்லை. வெய்யிலில் நின்றே டயர் வெடித்துக் கிடந்தது. உபரி டயரும் அதே வயசு, அதே வெடிப்பு. ஓடாத வண்டியின் ரப்பர் பொருக்கு விடும், சீல்கள் காயும், ஹைட்ராலிக் எண்ணெய் கெடும், பேட்டரி இறங்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கிடங்கில் வைப்பது என்றால் குறித்த இடைவெளியில் ஓட்டிப் பார்ப்பதும் சேர்த்துத்தான். அதற்கு ஆள் கூலி யார்? மறுபடியும் மேலே சொன்ன மூன்று தலைப்புதான்.

கிடங்கைத் தாண்டினால் சாலை. அப்ராம்ஸ் டாங்கி 70 டன் அளவு. அதை ஏற்றிய டிரெய்லரையும் சேர்த்தால் பல பாலங்களின் தாங்குதிறன் போதாது. பால்டிக் நாடுகளுக்குள் போனால் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டரிலிருந்து 1,520 ஆகிறது. எல்லையில் வண்டி மாற்ற வேண்டும். அந்த 1.5 சதவீதத் துண்டின் அர்த்தம் இது. நான் 28ஆம் தேதி அதை ஒரு வரியில் தாண்டிவிட்டேன், தப்பு. 3.5ஐவிட அந்த 1.5 ஒழுங்காகச் செலவானால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

பழையபேப்பர்
7 செப்டம்பர் 2025

ஒழுங்காகச் செலவாகும், கவலைப்படாதீர்கள். சிசிலிக்குப் போகும் மெசினா பாலம், 1,350 கோடி யூரோ, அதை ராணுவச் செலவாக எழுதலாம் என்று இத்தாலியில் பேச்சு. நேட்டோவுக்கான அமெரிக்கத் தூதர் முகத்தைச் சுளித்துவிட்டார். ரஷ்யா சிசிலி வழியாக வரும்போலிருக்கிறது.

தறிக்கொட்டகை
8 செப்டம்பர் 2025

சிரித்தாயிற்று. எதைப் பெரியவன் சுமக்க வேண்டும், எதைக் கூட்டாளி சுமக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லுங்கள், போதும்.

கணக்குப்பிள்ளை
9 செப்டம்பர் 2025

2011ல் நேட்டோ லிபியாவில் நடத்திய வான்போரை வைத்துப் பிரிக்கலாம். குண்டு போட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். வானில் எரிபொருள் நிரப்பியதிலும் உளவு பார்த்ததிலும் முக்கால் பங்கு அமெரிக்கா. பதினோராவது வாரத்திலேயே பல கூட்டாளிகளிடம் குண்டு தீரத் தொடங்கிவிட்டது என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் பிரசல்ஸில் பகிரங்கமாகத் திட்டினார்.

ஆகவே: வானில் எரிபொருள் நிரப்பும் விமானம், கனரகச் சரக்கு விமானம், செயற்கைக்கோள், அணு ஆயுதம். இவற்றைச் சின்ன நாடு தனியாகச் செய்தால் விரயம், பெரியவன் சுமக்கட்டும். பீரங்கிக் குண்டு, காலாட்படை, குறுகியதூர வான்பாதுகாப்பு, பாலம், ரயில், கிடங்குப் பராமரிப்பு, இவை கூட்டாளியுடையவை. இதில் ரொக்கம் என்ற வரியே வேண்டாம். 1,000 பீரங்கிக் குண்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டால் எண்ணிப் பார்க்கலாம். 1,000 கோடி கொடு என்று கேட்டால் அது மின்கட்டணமாகவும் பென்ஷனாகவும் மெசினா பாலமாகவும் போகும்.

கணக்குப்பிள்ளை
16 நவம்பர் 2025

வாஷிங்டனும் சோலும் சேர்ந்து விவரக்குறிப்பு வெளியிட்டிருக்கின்றன. கொரியா ராணுவச் செலவை 3.5 சதவீதத்துக்கு ஏற்றும். 2030க்குள் 2,500 கோடி டாலருக்கு அமெரிக்க ஆயுதம் வாங்கும். அங்குள்ள அமெரிக்கப் படைக்கு 3,300 கோடி டாலர் அளவுக்கு "முழுமையான ஆதரவு". அந்த 3,300ல் நிலவாடகை உண்டா, விட்டுக்கொடுத்த வரி உண்டா என்று குறிப்பில் பிரித்துக் காட்டவில்லை. ஒப்பந்தத் தொகை வருஷத்துக்கு 100 கோடி டாலரைச் சற்றுத் தாண்டும், அதை வைத்துப் பார்த்தால் எப்படிக் கூட்டினாலும் இவ்வளவு வராது. ஜூலை 3ல் எழுதிய பேனா மாற்றம் திரும்பி வந்திருக்கிறது. வாஷிங்டனில் பெரிய எண்ணாகக் காட்டலாம், சோலில் புதுப்பணம் இல்லை என்று காட்டலாம்.

ஆயுதம் வாங்கும் வரி, பழையபேப்பர் சொன்ன 1961 ஜெர்மனி அப்படியே. ஒரு வித்தியாசம்: கொரியா இப்போது போலந்துக்கே டாங்கியும் பீரங்கியும் விற்கும் நாடு, எர்ஹார்ட் மாதிரி வெறுங்கையோடு நிற்காது. அதே குறிப்பில் அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி கட்ட அமெரிக்கச் சம்மதத்தையும் வாங்கியிருக்கிறது. 1976ல் ஆலையை ரத்து செய்யவைத்த அதே அமெரிக்கா. கையைக் கட்டியது போய், கொஞ்சம் அவிழ்த்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறது.

செப்டம்பரில் "ரொக்கம் வேண்டாம்" என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ரொக்கம் கேட்டதால்தான் கொரியா பதிலுக்கு எதைக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டது.

செம்பவாங்
16 நவம்பர் 2025

சாங்கி கடற்படைத் தளத்தில் விமானந்தாங்கிக் கப்பல் நிற்கும் துறையைச் சிங்கப்பூர் தன் காசில் கட்டியது. 2001லிருந்து அமெரிக்கக் கப்பல்கள் வந்து போகின்றன. ஒப்பந்தக் கூட்டாளியும் இல்லை, வாடகைச் சண்டையும் இல்லை. இதை உங்கள் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை
17 நவம்பர் 2025

வைக்க இடமில்லை. வாக்குறுதியே கொடுக்காத இடத்தில் வாடகை கேட்க முடியாது. கொரியாவுக்கு இது ஒத்துவராது, எல்லையிலிருந்து சோல் 50 கிலோமீட்டர்தான்.

தறிக்கொட்டகை
17 நவம்பர் 2025

1,51,920 கோடியா! நம் மாநில பட்ஜெட்டில் பெரும்பங்கு ஆயிற்றே.

கணக்குப்பிள்ளை
17 நவம்பர் 2025

வொன் ஐயா, வொன். 100 வொன் இன்றைக்கு ஆறு ரூபாய் சொச்சம். 9,000 கோடி ரூபாய்க்குச் சற்று மேலே வரும். ஜூலை 1ல் பக்கத்திலேயே ரூபாயிலும் போட்டிருக்க வேண்டும்.